குளக்கரைக்கு வந்த சைபீரிய விருந்தாளி

பறவைகளைப் பற்றிப் புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. படம் போட்டது, படம் போடாதது, சட்டைப் பையில் அடங்குவது, அலமாரிக்கே அடங்காதது என்று வகை வகையாக இருக்கின்றன. ஆனால் பறவைகளை நமக்குக் காட்டுகிறவர்களைப் பற்றி இதுவரை யாரும் ஒரு பக்கம்கூட எழுதியதாகத் தெரியவில்லை. அவர்களும் ஓர் உயிரினம்தானே? கொக்கு இல்லாத குளம் உண்டு, நாரை வராத குளம் உண்டு, தண்ணீரே இல்லாத குளமும் நம் மாவட்டத்தில் வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் கரையில் நடைபாதை போட்டு, நாலு சிமெண்ட் பெஞ்சும் செல்ஃபி எடுக்க ஒரு வளைவும் வைத்த பிறகு இவர் வந்து சேராத குளம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். சிமெண்ட் காய்வதற்கு முன்பே வந்துவிடுவார். குளக்கரை விளக்குநர் என்று நானாக இவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

கண்டுகொள்வது சுலபம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஓரிரு வருடம் ஆகியிருக்கும். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பைகள் வைத்துத் தைத்த காக்கி மேல்சட்டை போட்டிருப்பார். எந்தப் பையிலும் ஒன்றும் இருக்காது. கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அதைக் கண்ணருகே கொண்டுபோக மாட்டார், திசை காட்டத்தான் அது. இத்தனையும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் கரையில் கால் வைத்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் எந்தக் குளத்திலும் ஒன்றுதான்.

"நேத்து வந்திருக்கணும் நீங்க!"

நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். நேற்று இந்த இடத்தில் தண்ணீரே தெரியவில்லை, அத்தனை பறவை. இன்றைக்கு ஏன் இல்லை? மேகமூட்டம். நீங்கள் நாளைக்கே மறுபடி போனாலும் இன்றைக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பார். நானும் விடாமல் எட்டு நாள் போய்ப் பார்த்துவிட்டேன். அந்த நேற்று மட்டும் என் கையில் அகப்படவே இல்லை.

எங்கள் குளத்து விளக்குநரின் பெயர் ஆறுச்சாமி. பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர். கிணற்றில் தண்ணீர் இல்லாதவருக்கும் மோட்டார் விற்ற வாய், ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்குமா? குளம் சூலூருக்குப் போகிற வழியில் இருக்கிறது. கிழக்கு மலையில் பிறந்து மேற்கே ஓடுகிற நொய்யல், போகிற போக்கில் ஒரு வாய்க்கால் வழியாக அதை நிரப்பிவிட்டுப் போகும். மழை நல்லபடியாக இருந்த வருடங்களில் கரையைத் தொட்டுத் தண்ணீர் நிற்கும், எதிரே தென்னந்தோப்பு, நடுவில் கருவேலங்காடு முளைத்த ஒரு மண்திட்டு, அதன்மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நீர்க்காகங்கள். உண்மையிலேயே அழகான இடம். ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு அந்தக் கரையில் ஆறுச்சாமி ஒரு நடை நடத்துகிறார். அனுமதி இலவசம். நடை முடிந்ததும் எதிர்த்த பேக்கரியில் எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் அவர் செலவு. எனக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் நடக்கச் சொன்னார். தேங்காய் பன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நடையின் முதல் பாதி வரலாறு. கரையில் துணி துவைக்கிற அளவுக்கு ஒரு பட்டைக் கல் கிடக்கிறது. அதன் அருகே வந்ததும் ஆறுச்சாமி செருப்பைக் கழற்றுவார். நாங்களும் கழற்றுவோம். "ரோமாபுரி யாவாரிக இருக்காங்களே, அவுங்க இந்தக் கல்லுல உக்காந்துதானுங்க காலைக் கழுவுனாங்க" என்பார். அந்தக் கல் நடைபாதை வேலைக்கு டிராக்டரில் வந்து மிஞ்சிப்போனது. இறக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கால் கட்டைவிரலில் அதற்குச் சாட்சிகூட இருக்கிறது. அதற்காக ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே "இல்லைங்க" என்று சொல்லிவிட முடியுமா? நடுவில் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்பி எங்கள் தலைக்கு மேல் போகும். ஆறுச்சாமி ஒரு விரலை உயர்த்தி நிற்பார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடருவார்.

இரண்டாம் பாதி பறவைகள். நீர்க்காகம், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, மீன்கொத்தி ஆகிய நால்வரை அவருக்கு நன்றாகத் தெரியும். மற்ற எல்லாம் வெளிநாடு. எதுவானாலும் மரியாதை குறையாது. "அக்கட்டால பாருங்க, அவரு இப்பத்தான் வந்து உக்காந்திருக்காரு, சத்தம் போடாதீங்க" என்று அவர் கிசுகிசுக்கும்போது எங்களுக்கும் கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் யாரும் யாரையும் மறுப்பதில்லை. கல்யாணத்துக்கு வர முடியாது என்பதை "பாக்கறனுங்க" என்போம். சாம்பாரில் உப்பே இல்லை என்பதை "நல்லாருக்குதுங்க, உப்புத்தான் தொட்டுக்கலாமுங்க" என்போம். அண்டப் புளுகு ஒன்றைக் கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு "அப்படியுமிருக்கலாமுங்க" என்போம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் சிரிப்போம். அந்த 'ங்க' ஒன்றை நம்பித்தான் விளக்குநர்கள் எங்கள் மண்ணில் இப்படிச் செழிக்கிறார்கள்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்திட்டில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்பும் வெள்ளையுமாக, நல்ல கனமான உடம்பு. முகம் முழுக்கச் சிவப்பாக முண்டு முண்டாகச் சதை. ஆறுச்சாமி முதல்முறையாகப் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"வந்துட்டாருங்க" என்றார். "சைபீரியச் செம்முகன்!"

நாங்கள் பார்த்தோம். பண்ணை வீடுகளில் மணிலா வாத்து என்று வளர்ப்பார்களே, அது. கத்தாது, கோபம் வந்தால் உஸ் என்று சீறும், சந்தோஷம் வந்தால் வாலை ஆட்டும். எங்களில் பாதிப்பேர் அதைத் தின்றே இருக்கிறோம். எங்களோடு நடக்கிற பிரவின்குமார் கால்நடை டாக்டர். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் நாள் முழுக்கக் கோழி வாத்தின் முகத்திலேயே விழிக்கிறவர்.

"நீங்க சொல்லுங்க டாக்டரே, இதென்ன சாதாரண வாத்துங்களா?" என்று ஆறுச்சாமி அவரிடமே கேட்டார்.

பிரவின்குமார் வாத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். "சாதாரண வாத்துன்னு சொல்லிப்போட முடியாதுங்க சார்" என்றார்.

"கால்ல பாருங்க, நீல வளையம். ரஷ்யா விஞ்ஞானிக போட்டுவிட்டதுங்க அது. நீலமுன்னா சைபீரியா."

அது கேபிள் டை. ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவோமே, அந்தப் பிளாஸ்டிக் பட்டை. எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் தலையாட்டினோம். எங்களோடு நடக்கிற அன்புச்செல்வி மட்டும் தலையாட்டாமல் விழித்துக்கொண்டு நின்றார். ஏனென்றால் அந்தக் கேபிள் டை யார் போட்டது என்றே அவருக்குத் தெரியும். அவருடைய பக்கத்து வீட்டு ஜெபராணி போட்டது.

ஜெபராணி அம்மாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மகள் லின்சியை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வின்ஸ்டனுக்கு வாத்து என்றால் உயிர். கல்யாணம் பேசும்போதே "எங்கூட்டு வாத்துக் குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்க" என்று ஜெபராணி வாக்குக் கொடுத்திருந்தார். முதல் கிறிஸ்துமஸுக்கு வாத்து அமையவில்லை, கோழி வைத்தார். வின்ஸ்டனும் நம் பக்கத்துப் பிள்ளைதான், "கோழி சூப்பருங்க அத்தை" என்று எழுந்துவிட்டார். ஆனால் கை கழுவும்போது அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாராம். அந்தப் பார்வையை ஜெபராணியால் ஒரு வருடமாக மறக்க முடியவில்லை. அதற்காகவே இந்த முறை ஆவணியிலேயே குஞ்சு வாங்கி, தவிடும் சோறும் போட்டு, அடையாளத்துக்குக் காலில் கேபிள் டையும் மாட்டி வளர்த்தார். டிசம்பரில் அது ஒரு நாள் மதில் சுவர் ஏறிப் பறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்கூட இல்லை. ஜெபராணி தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்புச்செல்வியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆறுச்சாமியிடம் அது வாத்து என்று சொல்ல முடியாது. ஜெபராணியிடம் சொல்லாமலும் இருக்க முடியாது. யோசித்து யோசித்து, "ஏனுங்க அக்கா, வர்ற ஞாயித்துக்கெழமை குளத்துப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்க, ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. 'சைபீரிய விருந்தாளியே வருக' என்று கொட்டை எழுத்து. ஆறுச்சாமியின் படம் பெரிதாக, விருந்தாளியின் படம் ஒரு மூலையில். அவருடைய சம்பந்தி வீட்டார் கோபிசெட்டிபாளையத்திலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தார்கள். பழைய கம்பெனி ஆட்கள்கூட வந்திருந்தார்கள். வேலையை விட்டபின் ஒரு மனிதரைப் பார்க்க இவ்வளவு பேர் வருவது சாதாரண விஷயமில்லை. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஜெபராணி ஆராதனைக்குப் போகிற புடவையில், கையில் ஒரு சாக்குப்பையும் தவிட்டுக் கிண்ணமுமாக வந்தார்.

"வாங்க அம்மணி, நேத்து வந்திருக்கணும் நீங்க" என்று வரவேற்றார் ஆறுச்சாமி. பிறகு பேச்சைத் தொடங்கினார். பனிமலையைத் தாண்டி, பாலைவனத்தைத் தாண்டி, சோடியை வழியில் பறிகொடுத்து, தன்னந்தனியாக, எத்தனையோ நாட்டு ஏரிகளை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு அவர் நம் குளத்தைத் தேடி வந்திருக்கிறார். ஏன்? நம் சனங்களை நம்பி. சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து விருந்தாளி தவிட்டுக் கிண்ணத்தைக் கண்டுகொண்டார். திட்டிலிருந்து தண்ணீரில் இறங்கி, நேராக நீந்தி, கரையேறி, அத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு ஜெபராணியின் காலடியில் வந்து நின்று வாலை ஆட்டினார்.

"பாத்தீங்களா!" என்றார் ஆறுச்சாமி. "இத்தனை பேருக்குள்ள ஒரு அம்மணியத் தேடி வந்து நிக்கறாரு பாருங்க! சைபீரியாவுல பொறந்த சீவன்!"

கூட்டம் முழுக்க ஜெபராணியைப் பார்த்தது. குனிந்து காலைப் பிடித்துச் சாக்கில் போட்டால் வேலை முடிந்தது. வின்ஸ்டனுக்கு வாத்துக் குழம்பு, மாமியாருக்கு மானம். ஆனால் அப்படிச் செய்தால் ஆறுச்சாமி சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்க முடியுமா? ஜெபராணி வாத்தைப் பார்த்தார். ஃபிளெக்ஸைப் பார்த்தார். ஆறுச்சாமியின் ஈரக் கண்களைப் பார்த்தார்.

"ஆமாங்க அண்ணா" என்றார் கடைசியில். "வெகு தூரம் வந்திருப்பாராட்ட இருக்குதுங்க. களைச்சுப்போயிட்டாரு." தவிட்டைக் கீழே கொட்டினார். சாக்கை மடித்து இடுப்பில் செருகினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார்: "ஏனுங்க, இவரு எப்பங்க திரும்பி அவரு ஊருக்குப் போவாரு?"

"வெயில் ஏறிச்சுன்னா கெளம்பிருவாருங்க. மார்ச்சு கடைசியில."

"அப்ப ஈஸ்டருக்கு முன்னால போயிருவாருங்களா?"

"கண்டிப்பாப் போயிருவாருங்க."

"செரிங்க" என்றார் ஜெபராணி.

கிறிஸ்துமஸுக்குக் கோழிதான். வின்ஸ்டன் சூப்பர் என்றார், அடுப்படியை எட்டிப் பார்த்தார். ஜெபராணி அடுத்த ஞாயிற்றிலிருந்து ஆராதனைக்கு முன் தவறாமல் நடைக்கு வரத் தொடங்கினார், வரும்போதெல்லாம் ஒரு கிண்ணம் தவிடு, சில நாள் கருவாட்டுத் தூள், சில நாள் நேற்றைய பிரியாணி. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் தான் கறியை ஒதுக்கினாரே தவிர, விருந்தாளிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. "இப்படியொரு பறவைப் பாசத்த நான் பாத்ததேயில்லீங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார் ஆறுச்சாமி. கூட்டத்தில் வைத்து ஜெபராணிக்குப் பறவைகள் நல அமைப்பாளர் என்று பதவி கொடுத்து ஒரு தொப்பியும் போட்டுவிட்டார். பிரவின்குமார் ஒருமுறை விருந்தாளியின் நெஞ்சைத் தூரத்திலிருந்தே கண்ணால் அளந்துவிட்டு, "நல்லாத் தேறிட்டாருங்க" என்று ஜெபராணியிடம் மெதுவாகச் சொன்னார்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு மண்திட்டு காலியாக இருந்தது. ஆறுச்சாமி எங்களை வடக்குப் பார்த்து நிறுத்தினார். "போயிட்டு வாங்க, அடுத்த வருசமும் இங்கயே வந்துபோடுங்க" என்று கையசைத்தார். நாங்களும் கையசைத்தோம். ஜெபராணி தொப்பியைக் கழற்றி அசைத்தார்.

ஈஸ்டர் மதியம் நடைக்காரர்கள் எல்லோருக்கும் ஜெபராணி வீட்டில் விருந்து. வின்ஸ்டனும் லின்சியும் வந்திருந்தார்கள். இலையில் சோறு விழுந்தது, பின்னாலேயே குழம்பு. கறுத்துத் திரண்ட குழம்பு, மிளகு வாசனை தெருவுக்கே வந்தது. வின்ஸ்டன் பேசவே இல்லை. மாமியாரை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். அடுப்படிப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. ஜெபராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டார். ஆறுச்சாமி இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார். நான் மூன்றுமுறை.

கை கழுவக் கொல்லைப்புறக் குழாய்க்குப் போனோம். முதலில் ஆறுச்சாமி, பின்னால் நாங்கள் வரிசையாக. குழாயடிக் கல்லின் மேல், வெட்டிப் போட்ட ஒரு நீலக் கேபிள் டை கிடந்தது. பக்கத்தில் கூடை, கூடையில் கறுப்பும் வெள்ளையுமாக இறகு.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆறுச்சாமி கை கழுவவில்லை. குனிந்து அந்தப் பட்டையை எடுத்தார், விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துண்டோடு நின்ற ஜெபராணி அசையவில்லை. ஐயோ பாவம், இத்தனை பேர் சேர்ந்து ஒரு மனிதரை இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதில் வாத்துக்குப் பங்கில்லை.

"அம்மணி" என்றார்.

"சொல்லுங்க அண்ணா."

வெகுநேரம் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"கொழம்பு ரொம்ப நல்லாருந்துதுங்க" என்றார்.

"இன்னுங் கொஞ்சம் போட்டுட்டிருக்கலாமுங்க அண்ணா."

"போதுமுங்க. நெறஞ்சுபோச்சு."

காக்கி மேல்சட்டையின் மேல் பையைத் திறந்து அந்தப் பட்டையை உள்ளே போட்டு மூடினார். அந்தப் பைகளில் ஏதாவது ஒன்று போனது அன்றைக்குத்தான். எங்களை யாரையும் பார்க்காமல் துண்டை வாங்கிக் கை துடைத்தார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது.

இனி ஞாயிற்றுக்கிழமை நடை இருக்காது, தேங்காய் பன்னும் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆறரைக்குப் போனால் ஆறுச்சாமி கரையில் நிற்கிறார். கோவையிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது.

"ஈஸ்டருக்கு முந்தி வந்திருக்கணும் நீங்க!" என்றார் அவர்களிடம். "சைபீரியச் செம்முகன், இத்தாச்சோடு பெருசு. அந்தத் திட்டுலதானுங்க இருந்தாரு. நம்பிக்கை இல்லீங்களா?" பையைத் திறந்து நீலப் பட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "போகையில கழட்டி வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

அந்தக் குடும்பம் திரும்பி எங்களைப் பார்த்தது.

"ஆமாங்க" என்று முதலில் சொன்னது ஜெபராணி. பிரவின்குமார் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். எங்கள் எல்லோருடைய தலையும் ஒன்றாக ஆடியது.

இப்படி ஒருவர் உங்கள் ஊர்க் குளத்திலும் இருக்கிறார் என்று நினைத்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். நாம் நிச்சயம் ஆறுச்சாமி இல்லை என்ற நிம்மதியும் இருக்கும். இருக்கட்டும். ஆனால் ஒரு சின்ன விஷயம். நொய்யல் கிழக்கு மலையில் பிறந்து மேற்கே ஓடுகிறது என்று நான் தொடக்கத்தில் எழுதினேன். அது பிறக்கிற வெள்ளியங்கிரி மேற்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? அது போய்ச் சேர்கிற காவிரி கிழக்கே என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும், எழுதுகிற மனுசன் சொல்கிறாரே, அப்படியுமிருக்கலாமுங்க என்று தலையை ஆட்டிவிட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? வெட்கப்படாதீர்கள். ஞாயிறு காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். எங்கள் வரிசையில் ஜெபராணிக்கு அடுத்து ஓர் இடம் காலியாக இருக்கிறது.